ஒன்பதுக்குச் சரி, பதினொன்றுக்குப் பிழை

50,71,09,403. ஐம்பது கோடியே எழுபத்தொரு லட்சத்து ஒன்பதாயிரத்து நானூற்று மூன்று.

இந்த எண்ணைப் பதினைந்து வயதில் ஒரேயொரு தடவை காதால் கேட்டேன். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தேன் என்பது மறந்துபோகிறது, இது மறக்கவில்லை. ஊருக்குப் போனால் இன்றைக்கும் யாராவது ஒரு கிழவர், "நீர்தானே அண்டைக்கு அவதானியைச் சபையிலை வைச்சு அவமதிச்ச பொம்பிளைப் பிள்ளை?" என்று கேட்கிறார். ஓம், நான்தான். ஆனால் அவமதிக்கவில்லை. ஒரு எண்ணைப் பிழை என்று சொன்னேன். பிழையான எண்ணைப் பிழை என்று சொல்வதற்கு யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும் என்று எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை.

எங்கள் ஊர் வலிகாமத்தில், செம்மண் தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. புகையிலையும் வெங்காயமும் போடுகிற சனம். ஐயா, என் தகப்பனார், அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியர். ஊருக்கு அவர் சட்டம்பியார். நானும் அவருடைய பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன். வீட்டிலும் அவர், வகுப்பிலும் அவர், தப்ப வழியே இல்லை.

ஐயாவுக்கு முருகனுக்கு அடுத்தபடி பக்தி ஒன்பதில். எவ்வளவு பெரிய பெருக்கல் கணக்கானாலும் அதை முழுவதும் திருப்பிச் செய்து பார்க்கமாட்டார். பெருக்கிய இரண்டு எண்களின் இலக்கங்களையும் தனித்தனியே கூட்டுவார். வந்ததை மறுபடி கூட்டி ஒற்றை இலக்கம் ஆக்குவார். அந்த இரண்டு ஒற்றை இலக்கங்களையும் பெருக்கி, அதையும் அப்படியே ஒற்றை இலக்கம் ஆக்குவார். பிறகு விடையின் இலக்கங்களைக் கூட்டுவார். இரண்டும் ஒத்துவந்தால் விடை சரி. "ஒன்பது பொய் சொல்லாது" என்று சொல்லிச் சிலேட்டைத் திருப்பித் தருவார். ஒன்பதால் வகுத்தால் வருகிற மிச்சத்தைத்தான் இப்படிக் குறுக்கு வழியில் பிடிக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒன்பது பொய் சொல்லாது, உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு கண் குருடு. அதை நான் கண்டுபிடித்தது என்னுடைய கெட்ட பழக்கத்தால். பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி எழுதுகிற வியாதி ஒன்று எனக்குச் சின்ன வயதில் இருந்தது. 48 என்று நினைத்து 84 என்று எழுதுவேன். பன்னிரண்டு வயதில் ஒரு நாள் நான் செய்த பெருக்கலின் விடை, கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்து விடையோடு ஒத்துவரவில்லை. ஐயா ஒன்பது பார்த்தார். சரியாக வந்தது. மறுபடி பார்த்தார். அப்போதும் சரி. உடனே சிவப்பு மையை எடுத்துப் புத்தகத்தில் இருந்த விடையை வெட்டி, என் விடையை எழுதி, ஓரத்தில் "அச்சுப்பிழை" என்று குறித்துவிட்டார்.

அடுத்த நாள் தனியே இருந்து செய்து பார்த்தேன். புத்தகம் சரி. நான்தான் இரண்டு இலக்கங்களை மாற்றி எழுதியிருந்தேன். நாலையும் எட்டையும் எந்த வரிசையில் கூட்டினாலும் பன்னிரண்டுதான், ஒன்பதுக்கு எப்படித் தெரியும்? ஐயாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அடிக்குப் பயந்து சொல்லவில்லை. என் பிழை அந்தப் புத்தகத்தில் சிவப்பு மையில் சரியென்று கிடந்தது, எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதினார்கள். அதை நினைத்து நான் வெட்கப்பட்டது போல வேறு எதற்கும் வெட்கப்பட்டதில்லை. இனி ஒரு பிழையான எண்ணைக் கண்டால் வாயை மூடுவதில்லை என்று அப்போதே முடிவெடுத்தேன்.

அதற்குப் பிறகு ஐயாவின் அலுமாரியில் இருந்த பழைய இங்கிலீஷ் எண்கணிதப் புத்தகம் ஒன்றைக் கிண்டினேன். கடைசிப் பக்கங்களில் பதினொன்றுக்கு ஒரு முறை இருந்தது. வலப்பக்கத்துக் கடைசி இலக்கத்தில் தொடங்கி ஒன்றைக் கூட்டு, அடுத்ததைக் கழி, அதற்கு அடுத்ததைக் கூட்டு. இப்படியே போனால் வருவது பதினொன்றால் வகுத்த மிச்சம். பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் கூட்ட வேண்டியது கழிபட்டுவிடும், கணக்கு உடனே இடறும். பந்தியில் யார் யார் இருக்கிறார்கள் என்பது மட்டும்தான் ஒன்பதுக்குத் தெரியும். யார் எந்த இலையில் இருக்கிறார் என்பதில் பதினொன்றுக்கும் ஒரு கண் உண்டு. ஓரிடம் விட்டு மாறி உட்கார்ந்தால் பதினொன்றும் ஏமாந்துபோகும், அது வேறு கதை. ஐயாவிடம் ஒருமுறை சொல்லப் பார்த்தேன். "ஏன், ஒன்பது காணாதோ உனக்கு?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

பதினைந்து வயதில் எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்குப் படிக்க ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. மேலே படிப்பதென்றால் பட்டினத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரேயொரு பெண்கள் கல்லூரியில்தான் பெண் பிள்ளைகளுக்கு, எண்ணுக்குப் பதில் எழுத்து வைக்கிற அட்சரகணிதமும் கோடும் வட்டமும் வருகிற கேத்திரகணிதமும் படிப்பித்தார்கள். மற்றப் பள்ளிக்கூடங்களில் கணக்கு வருகிற நேரத்தில் பெண்களைத் தையலுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தக் கல்லூரியின் விண்ணப்பப் பத்திரத்தை எழுதித் தருவித்திருந்தேன். தகப்பன் கையெழுத்து வைக்க வேண்டும், முன்பு படித்த பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரும் எழுதித்தர வேண்டும். எனக்கு இரண்டும் ஒரே ஆள். பத்திரம் ஐயாவின் மேசை லாச்சிக்குள் ஒரு மாதமாகக் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்கு முன் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் அந்த வருசம் இல்லை. அடுத்த வருசம் என்பது எனக்கு இருக்கப்போவதில்லை, கலியாணப் பேச்சு ஏற்கெனவே வேலியால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை அவதானம் முடியட்டும். அதுக்குப் பிறகு ஒப்பம் வைக்கிறன்" என்று ஐயா சொன்னார்.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு அவதானி வந்திருந்தார். ஒரே நேரத்தில் பல காரியங்களில் மனதை வைத்து எல்லாவற்றுக்கும் சபையில் விடை சொல்கிற வித்தை அவதானம். எங்கள் பள்ளிக்கூட முற்றத்தில் கிடுகுப் பந்தல் போட்டார்கள். ஆண்களுக்கு வாங்குகளும் கதிரைகளும், பெண்களுக்கு இடப்பக்கம் மணலில் பாய். தலைமை வகித்தவர் பட்டினத்துக் கோட்டில் வழக்குப் பேசுகிற ஒரு பிரக்கிராசியார், சரிகை போட்ட சால்வையோடு வந்திருந்தார். மேடையில் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஐயா நின்றார். கணக்குக்கு நடுவர் அவர்தான்.

அவதானி ஒல்லியான மனிதர். கண்ணை மூடிக்கொண்டு சப்பாணி கட்டி இருந்தார். ஒருவர் அவர் முதுகில் சின்னக் கற்களை எறிந்தார். எத்தனை கல் என்று அவர் கடைசியில் சொல்ல வேண்டும். ஒருவர் நினைத்த நேரம் மணி அடித்தார். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுத்தார். இன்னொருவர் பக்கத்தில் இருந்து தோட்டத்துக் கதை, மாட்டுக் கதை என்று கதைத்துக் குழப்பிக்கொண்டே இருந்தார். இதற்கு நடுவில் பெருக்கல். முன்கூட்டியே பேசிவைத்ததாக யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக எண்களைச் சபையிலேயே கேட்டு வாங்கினார்கள். ஒருவர் எழுபத்து மூவாயிரத்து நானூற்று எண்பத்தொன்பது என்றார். இன்னொருவர் ஆறாயிரத்து எண்ணூற்று இருபத்தேழு என்றார். ஐயா இரண்டையும் பலகையில் எழுதினார். நான் மணலில் விரலால் எழுதினேன்.

அவரை நான் வியந்து பார்த்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே இருந்தார். பிறகு கண்ணைத் திறந்து, கல் இத்தனை, மணி இத்தனை என்று சொன்னார். வெண்பாவைப் பாடினார். எல்லாம் சரி. சபை கை தட்டிக் களைத்துப்போனது. கடைசியாகப் பெருக்கலின் விடையைச் சொன்னார்.

"ஐம்பது கோடியே எழுபத்தொரு லட்சத்து ஒன்பதாயிரத்து நானூற்று மூன்று."

ஐயா பலகையில் எழுதி ஒன்பது பார்த்தார். முதலாவது எண் முப்பத்தொன்று, அது நாலு. இரண்டாவது இருபத்துமூன்று, அது ஐந்து. நாலைந்து இருபது, அது இரண்டு. விடையின் இலக்கங்கள் இருபத்தொன்பது, அது பதினொன்று, அது இரண்டு. இரண்டுக்கு இரண்டு. "சரி!" என்றார். ஒன்பது பிசகாத பெருமை அவர் முகத்தில் இருந்தது. கை தட்டல் கிடுகைத் தூக்கியது.

நான் பதினொன்று பார்த்தேன். முதலாவது எண்ணுக்கு ஒன்பது. இரண்டாவதற்கு ஏழு. ஒன்பதேழு அறுபத்துமூன்று, பதினொன்றால் வகுத்தால் மிச்சம் எட்டு. விடைக்கும் எட்டு வர வேண்டும். ஒன்பது வந்தது. மணலை அழித்துவிட்டு மறுபடி பார்த்தேன், ஒன்பது. மூன்றாம் தரமும் ஒன்பது. லாச்சிக்குள் கிடக்கும் பத்திரம் ஞாபகத்துக்கு வந்தது. இன்று மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் வெள்ளிக்கிழமை பட்டினம், பிறகு அட்சரகணிதம், எல்லாம். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழும்பினேன்.

"உது பிழை" என்றேன்.

அம்மா என் தாவணியைப் பிடித்து இழுத்தா. "எடி, இரடி. சனம் பார்க்குது."

கை தட்டல் அங்கங்கே அடங்கியது. பிரக்கிராசியார் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார். "என்ன பிள்ளை? என்ன பிழை?"

"விடை பிழை."

"ஒன்பது பார்த்தாச்சு" என்றார் ஐயா. "இரு பிள்ளை."

"ஒன்பதுக்குச் சரி ஐயா. பதினொண்டுக்குப் பிழை."

பின்வாங்கில் இருந்து ஒரு குரல், "பொம்பிளை சிரிச்சால் போச்சு, புகையிலை விரிச்சால் போச்சு" என்றது. பந்தல் முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவே இல்லை, அது வேறு விடயம்.

பிரக்கிராசியாருக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. "சரி. அப்ப சரியான விடை என்ன? சொல்லும் பார்ப்பம்."

"தெரியாது. நான் பெருக்கிப் பார்க்கேல்லை. உது இல்லை எண்டு மட்டும் தெரியும்."

"விடை தெரியாமல் பிழை எண்டு சொல்லுறதோ? நல்ல வழக்கு!" என்று அவர் சபையைப் பார்த்துக் கையை விரித்தார். மறுபடி சிரிப்பு. கறிக்கு உப்புக் கூடிப்போனது என்று சொல்வதற்கு நானே அடுப்பு மூட்டிச் சமைத்துக் காட்ட வேண்டுமா? ஒரு எண் பிழை என்பதை அதன் சரியான எண் தெரியாமலே காட்டிவிட முடியும். கணக்கில் எனக்கு மிகப் பிடித்ததே அதுதான். சட்டம் படித்த மனிதருக்கு அது விளங்கவில்லை.

"இரு" என்றார் ஐயா மறுபடியும். அவருடைய குரலில் கோபத்தைவிடக் கெஞ்சல் கூட இருந்தது. அதுதான் என்னை அதிகம் வருத்தியது. ஆனாலும் இருக்கவில்லை. "நீங்கள் ஒருக்காப் பெருக்கிப் பாருங்கோ ஐயா. சரியெண்டால் இருக்கிறன்" என்றேன். அவர் வெண்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பெருக்கினால் ஒன்பதில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று சபைக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

அப்போதுதான் அவதானி வாய் திறந்தார். "குழந்தை, பதினொன்றில் மிச்சம் என்ன வருகிறது?"

"எட்டு வர வேணும். ஒன்பது வருது."

அவர் கண்ணை மூடினார். இரண்டு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. "பதினேழு லட்சம்" என்றார். "ஐம்பது கோடியே பதினேழு லட்சம். எழுபத்தொன்று என்று சொல்லிவிட்டேன். சபை மன்னிக்க வேண்டும்." என்னைப் பார்த்துக் கையும் கூப்பினார்.

ஆனைக்கும் அடிசறுக்கும். சறுக்கியதைச் சறுக்கியது என்று சொன்ன அந்த மனிதரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை சபையில். சபை மறுபடி எழுந்து கை தட்டியது, அவருக்கு. என்ன பணிவு, என்ன பெருந்தன்மை என்றார்கள். பிரக்கிராசியார் முடிவுரையில், அவதானி எங்களைச் சோதிப்பதற்காகத்தான் வேண்டுமென்றே இலக்கத்தை மாற்றிச் சொன்னார் என்று விளக்கம் கொடுத்தார். அவதானி "இல்லை, இல்லை" என்று தலையாட்டினார். அதையும் பணிவு என்றே எடுத்துக்கொண்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பதை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். ஐயா பலகையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவர் முன்னால் நடந்தார். அம்மாவும் நானும் பின்னால். விறாந்தையில் ஏறிச் சால்வையைக் கொடியில் போட்ட பிறகுதான் ஐயா திரும்பினார்.

"நீ பிழை விட்டிருந்தால், சின்னப்பிள்ளை, தெரியாமல் கதைச்சிட்டாள் எண்டு சபையிலை மன்னிப்புக் கேட்டிருப்பன். சரியாச் சொல்லிப்போட்டாய். இப்ப நான் ஆரிட்டைப் போய் என்னத்தைக் கேக்கிறது?"

கொடியில் போட்ட சால்வையை அவர் மறுபடி இழுத்து மடித்தார்.

"தகப்பனைத் தலைகுனிய வைச்ச பிள்ளைக்குப் பட்டினத்துப் படிப்பு வேண்டாம். இருக்கிற படிப்புக் காணும்."

இதை எதிர்பார்த்துத்தான் எழும்பினேன். அழுதிருக்கலாம். அழுதால் அவர் இளகியிருப்பார், அம்மாவும் கண்ணைக் காட்டினா, காலில் விழு என்று. விழ மனம் வரவில்லை. எதற்கு விழுவது?

"சரி ஐயா. நான் போகேல்லை. ஒரே ஒரு வசனம் மட்டும் சொல்லுங்கோ. நான் சொன்னது பிழை எண்டு சொல்லுங்கோ. சொன்னால் நாளைக்கே ஊசியும் நூலும் எடுக்கிறன். பள்ளிக்கூடம் எண்ட பேச்சே எடுக்கன்."

அவர் வாயைத் திறந்தார். ஐயாவிடம் பல குறைகள் இருந்தன. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பார், அடிக்கக் கை ஓங்குவார், புகழ்ச்சிக்கு மயங்குவார். ஆனால் பிழையென்று தனக்குத் தெரிந்த விடையைச் சரியென்றோ, சரியைப் பிழையென்றோ அவர் சொல்லி நான் கேட்டதில்லை. புத்தகத்தில் சிவப்பு மையால் எழுதியபோதுகூட அது சரியென்று நம்பித்தான் எழுதினார். திறந்த வாயை மூடிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை தேத்தண்ணி கொடுக்கும்போது கேட்டேன். "சொல்லுங்கோ ஐயா." சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையும் கேட்டேன். "வாய் கூடிப்போச்சு உனக்கு" என்றார். அது நான் கேட்டதற்குப் பதில் இல்லை. புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அவருடைய மேசையில் சிலேட்டுக் கிடந்தது. ஏழு மூன்று நாலு எட்டு ஒன்பது என்று தொடங்கி நீட்டுப் பெருக்கல். ஒன்பது பார்க்கவில்லை, முழுவதும் பெருக்கியிருந்தார். அடியில் 50,17,09,403. அழித்திருக்கலாம். அழிக்காமல் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

வியாழக்கிழமை காலையும் கேட்டேன். அம்மா குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல், "பிள்ளை நாலு நாளாக் கேக்குது. ஒண்டில் ஓம் எண்டு சொல்லுங்கோ, இல்லாட்டி இல்லையெண்டு சொல்லுங்கோவன்" என்றா. அம்மா ஐயாவை எதிர்த்து ஒரு சொல் சொன்னது என் அறிவில் அதுதான் முதல் தரம். ஐயா தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை நான் விழித்தபோது அவர் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். மேசையில் பத்திரம் இருந்தது. தகப்பனின் ஒப்பம் வைக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே தலைமை ஆசிரியர் எழுத வேண்டிய இரண்டு வரிகளையும் தன்னுடைய முத்து முத்தான எழுத்தில் நிரப்பியிருந்தார். நடத்தை என்ற இடத்தில், "சபையில் அடங்காதவள்" என்று இருந்தது. கணிதம் என்ற இடத்தில், "இப்பாடசாலைத் தலைமை ஆசிரியரிலும் திறமை கூடியவள்" என்று இருந்தது. நான் அதைப் படித்துவிட்டு விறாந்தையில் குந்தி இருந்து நன்றாக அழுதேன். அந்த அழுகையை அவர் பார்க்கவில்லை. பார்க்க விட்டிருக்கவும் மாட்டேன்.

அம்மா என்னைப் பஸ்சில் ஏற்றிப் பட்டினத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா. கல்லூரித் தலைவி நரைத்த கொண்டை போட்ட பெண்மணி. பத்திரத்தை ஒரு தரம் வாசித்தார், பிறகு ஒப்பத்தையும் முத்திரையையும் பார்த்தார்.

"உம்முடைய தகப்பனார்தானே தலைமை ஆசிரியர்?"

"ஓம்."

"நடத்தைக்கு உப்பிடி எழுதினால் நான் எப்பிடிப் பிள்ளை எடுக்கிறது? கொண்டுபோய் முதல் வரியை மட்டும் மாத்தி எழுதுவிச்சுக்கொண்டு வாரும். திங்கட்கிழமை மட்டும் இடம் வைச்சிருக்கிறன்."

நல்ல மனதோடுதான் சொன்னார். அம்மா உடனே பத்திரத்தை வாங்கக் கையை நீட்டினா. நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"வேண்டாம், அம்மணி" என்றேன் தலைவியிடம். "இரண்டாவது வரியை எழுத ஐயாவுக்கு அஞ்சு நாள் எடுத்தது. முதலாவதை மாத்தச் சொல்லி நான் கேக்கமாட்டன். அதுவும் சரிதான். இரண்டையும் சேர்த்து எடுக்கிறதெண்டால் எடுங்கோ."

அவர் பத்திரத்தை மடித்து மேசையில் வைத்தார். பிறகு மாணவிகளின் பெயர் இடாப்பைத் திறந்து, பேனையை மையில் தொட்டு, என் பெயரைக் கேட்டார்.